சிறைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுச் சிறை விதிகளை எழுதலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறை விதிகளை எழுதுகிறவர்கள், சிறையில் நாள் கழித்தவர்களையும் கூட வைத்துக்கொண்டு எழுத வேண்டும். இதை எங்கே சொன்னாலும் பத்துக் கேள்விகள் வரும். அதில் பாதி கோபமாகவே வரும். சட்ட உதவி முகாம்களிலும் கல்லூரிக் கூட்டங்களிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

கொள்கை, கொள்கை என்கிறீர்களே, எதைச் சொல்கிறீர்கள்?

ஒருவரைக் கைது செய்த நிமிடத்திலிருந்து, அவர் வெளியே வந்து வேலை தேடும் நாள் வரைக்கும் எவையெல்லாம் அவர் வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றனவோ, அவை எல்லாம்தான். ரிமாண்டுக்கு அனுப்புவதா வேண்டாமா, ஜாமீனுக்கு என்னென்ன ஆவணம் கேட்பது, மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, வரும் வீட்டார் எவ்வளவு நேரம் வெயிலில் நிற்பது, வாய்தா அன்று நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போக வழிக்காவல் போலீஸ் கிடைக்காவிட்டால் என்ன செய்வது, அம்மா இறந்துபோனால் எத்தனை நாள் விடுப்பு, முன்விடுதலைக்கு யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது. இவற்றில் சில சட்டமன்றம் போடும் சட்டம். பல வெறும் சுற்றறிக்கை. உள்ளே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நீதிபதி, காவல்துறை, சிறை அதிகாரி, வழக்கறிஞர் என்று இத்தனை பேர் இருக்கிறார்களே, போதாதா?

எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், விசாரணைக் கைதியாகப் பதினான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டு, பிறகு வழக்கில் விடுதலையானவர். ஒரு பயிற்சிக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போயிருந்தோம். சிறைகளில் வைக்கும் புகார்ப் பெட்டி பற்றிப் பேச்சு வந்தது. ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி, தான் பார்த்த சிறையில் ஆறு மாதமாகப் பெட்டியில் ஒரு சீட்டும் விழவில்லை, அதனால் பெரிய குறை எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொண்டோம் என்றார். நல்ல மனிதர், உண்மையாக நம்பித்தான் சொன்னார்.

நம் ஆள் கையைத் தூக்கி ஒன்றே ஒன்று கேட்டார்: "பெட்டியை எங்கே மாட்டியிருந்தீங்க சார்?"

ஜெயிலர் அறைக்கு வெளியே, வார்டர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே.

"அந்தப் பக்கம் ஒருத்தன் பேப்பரோட நடந்து போனாலே, சாயந்திரம் லாக்கப்புக்கு முன்னாடி பிளாக் முழுக்கத் தெரிஞ்சிடும். அதுக்கு முதல்ல பேனா வேணும். ரைட்டர்கிட்டதான் கேட்கணும். எதுக்குன்னு அவன் கேட்பான். குளிக்கிற தொட்டிப் பக்கம் மாட்டிப் பாருங்க. அங்கே எல்லாரும்தான் போறோம், யார் போட்டாங்கன்னு தெரியாது."

அந்த அறையில் சட்டம் படித்தவர்கள் எட்டுப் பேர் இருந்தோம். பெட்டியின் அளவு, பூட்டு, சாவி யாரிடம் இருப்பது என்பதெல்லாம் எங்கள் குறிப்பில் இருந்தது. எங்கே மாட்டுவது என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. விதி எந்த இடத்தில் உடைகிறது என்பது அதன் கீழ் வாழ்ந்தவருக்குத் தெரியும். நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டது முக்கியமாக இதைத்தான்.

இந்தியாவில் இதற்கு முன்னுதாரணம் உண்டா?

உண்டு. அந்தப் புகார்ப் பெட்டிக்கே மூலம் ஒரு கைதி எழுதிய கடிதம்தான்.

சுனில் பத்ரா என்பவர் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு தில்லி திஹார் சிறையில் இருந்தார். மேல்முறையீடெல்லாம் முடியும் முன்பே தன்னைத் தனிமையில் அடைத்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1978-ல் தீர்ப்பு வந்தது: மேல்முறையீடு, கருணை மனு என்று எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் ஒருவர் மரண தண்டனைக் கைதி என்ற நிலைக்கு வருகிறார், அதுவரை அந்தக் காரணத்தைச் சொல்லித் தனிமையில் அடைக்கக் கூடாது. இது அவர் வழக்கு.

அடுத்த வழக்குக்கு மூலமான கடிதத்தை அவர் தனக்காக எழுதவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு கைதியை, உறவினர்களிடமிருந்து பணம் பறிப்பதற்காக ஒரு தலைமை வார்டர் கொடூரமாகச் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். வக்கீல் இல்லை, முறையான மனு இல்லை. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. வி.ஆர். கிருஷ்ண அய்யர் இருந்த அமர்வு 1979 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதியும் மாவட்ட மாஜிஸ்திரேட்டும் பொறுப்பேற்றுத் திறக்கும் புகார்ப் பெட்டிகள், கைதிகளின் உரிமைகளைச் சொல்லும் கையேடு, குறைகளை எழுதிப் போடக் கைதிகளுக்கென ஒரு சுவர்ப் பத்திரிகை என்று அந்தத் தீர்ப்பில் வரிசையாக வருகிறது. சிறைக்குள் சுவர்ப் பத்திரிகை! நாற்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில், 1991-ல் கைதான பேரறிவாளன் உள்ளே இருந்தபடியே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு மேல் மனுவாகப் போட்டவர். அவர் வழக்கில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. தண்டனைக் குறைப்பில் மாநில அமைச்சரவையின் பரிந்துரைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் என்பதையும் அப்போது தெளிவாகச் சொன்னது. அவர் வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்த விளக்கம் இனி எல்லா மாநிலத்துச் சிறைவாசிகளுக்கும் பொருந்தும்.

அப்புறம் சாதி. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதைப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2020-ல் விரிவாக எழுதினார். சிறையிலிருந்து வந்தவர்களின் வாக்குமூலம்தான் அதற்கு உயிர். ராஜஸ்தானில் சிறைக்குள் நுழைந்த முதல் நாளே சாதி கேட்கப்பட்டு, கழிவறை கழுவ அனுப்பப்பட்ட ஓர் இளைஞரின் கதையோடு அது தொடங்கும். பிறகு சுகன்யா சாந்தா போட்ட வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று, பல மாநிலச் சிறைக் கையேடுகளில் இருந்த சாதிப் பிரிவினை விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தையே நீக்கச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகத் தனித்தனியே அடைத்து வைத்ததும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. அந்த விதிகள் அச்சிட்ட புத்தகத்தில்தான் இருந்தன. குழு மேல் குழு அதைப் புரட்டியிருக்கும். கழிவறை கழுவியவர் வாய் திறந்த பிறகுதான் அது நாட்டுக்குப் பிரச்சினையாகத் தெரிந்தது.

அப்படியானால் அவர்கள் குரல் ஏற்கெனவே போய்ச் சேர்கிறதே?

நீதிமன்றக் கதவைத் தட்டித்தான் போய்ச் சேர்கிறது. அதற்கு ஒரு பத்ராவின் துணிச்சல் வேண்டும், அல்லது பல வருடம் ஒரே விஷயத்தைத் துரத்தும் ஒரு பத்திரிகையாளர் வேண்டும். விதி எழுதும்போதே கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

குழுக்களின் அமைப்பைப் பாருங்கள். சிறைச் சீர்திருத்தம் பற்றி ஆராய 2018-ல் உச்ச நீதிமன்றம் அமிதவ ராய் குழுவை அமைத்தது. மூன்று பேர்: ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், காவல் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகத்தின் ஐ.ஜி., திஹார் சிறைகளின் தலைமை இயக்குநர். மூவரும் தகுதியானவர்கள்தான். ஆனால் இரவு செல் கதவு வெளியிலிருந்து பூட்டப்படுவதை உள்ளேயிருந்து கேட்டவர் அவர்களில் யாரும் இல்லை.

இன்னொன்று, எனக்கு மிக நெருக்கமாகத் தெரிந்த விஷயம். ஜாமீன் கிடைத்தும் பணமில்லாமல் உள்ளேயே கிடக்கிறவர்களுக்கு உதவ ஒன்றிய அரசு 2023-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்போது வைத்த வரம்பு, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய். முடிவெடுப்பது மாவட்டக் குழு: ஆட்சியர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், சிறைக்குப் பொறுப்பான நீதிபதி. நல்ல நோக்கம், மனதார வரவேற்கிறேன். ஆனால் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாத ஒருவரிடம் போய்க் கேளுங்கள். ரொக்கம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் காதில் விழுவது வேறு: "ரெண்டு பேர் ஜாமீன் கேட்கிறாங்க. ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணுமாம். வீட்டு வரி ரசீது வேணுமாம். எங்க அண்ணன் வாடகை வீட்டுல இருக்கான்." வெளியூரில் கொத்து வேலைக்கு வந்து மாட்டியவருக்கு ரத்த சொந்தம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அரசு ரூபாயாகக் கொடுக்கிறது. இங்கே தேவைப்படுவது ஜாமீன் நிற்க ஆள். திட்டத்தை எழுதும் நாளில் இப்படிப்பட்ட நாலு பேரை உட்கார வைத்துப் பேசியிருந்தால் இந்த இடைவெளி அன்றே தெரிந்திருக்கும்.

குற்றம் செய்தவரிடம் போய் யோசனை கேட்பது பாதிக்கப்பட்டவர்களை அவமதிப்பது ஆகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சிலர் தங்கள் வீட்டில் ஒருவரை இழந்தவர்கள். அதனால் இதற்கு எப்போதும் நிதானமாகத்தான் பதில் சொல்வேன்.

பாதிக்கப்பட்டவர்களையும் கேட்க வேண்டும். இப்போது அவர்களையும் யாரும் சரியாகக் கேட்பதில்லை. வாய்தாவுக்கு வந்து நாள் முழுக்க நீதிமன்ற மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிற சாட்சியும், அதே வாய்தாவுக்காக வேனில் காத்திருக்கும் விசாரணைக் கைதியும் ஒரே தாமதத்தில்தான் தேய்கிறார்கள். ஒருவரைக் கேட்பதால் இன்னொருவருக்கு எதுவும் குறைந்துவிடாது.

அப்புறம், சிறையில் இருப்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானவர்கள் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது 75.8 சதவீதம். நாலில் மூன்று பேர் மீது இன்னும் தீர்ப்பே வரவில்லை. சிறைகளோ கொள்ளளவைவிட 31 சதவீதம் அதிகமாக நிரம்பி வழிந்தன.

எல்லையும் வேண்டும், மறுக்கவில்லை. தன் வழக்கையோ தன் எதிராளியின் வழக்கையோ முடிவு செய்யும் இடத்தில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்காமல், அதே குற்றவாளியோடு ஒரே அறையில் உட்கார வைக்கவும் கூடாது.

தங்களுக்குச் சாதகமாகத்தானே பேசுவார்கள்?

காவல்துறை தனக்குச் சாதகமாகப் பேசுவதில்லையா? வழக்கறிஞர் சங்கம்? எல்லாத் தரப்பும் தன் இடத்திலிருந்துதான் பேசும், அதற்காகத்தான் பல தரப்பைக் கூப்பிடுகிறோம்.

என் அனுபவத்தில் அவர்கள் கேட்பது பெரும்பாலும் மிகச் சாதாரணமான விஷயம். விடுதலையாகும் நாளில் கடைசிப் பேருந்து போன பிறகு வெளியே விடாதீர்கள். கைது அன்று வாங்கி வைத்த ஆதார் அட்டையும் செல்போனும் எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள். மாத்திரை எழுதிய சீட்டை வெளியே போகும்போது கையில் கொடுங்கள். சிறை அதிகாரிகளுக்கும் இதில் மறுப்பிருக்காது. கேட்காததால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் எங்காவது பலித்திருக்கிறதா?

ஃப்ளோரிடாவைச் சொல்வேன். அமெரிக்காவின் அந்த மாநிலத்தில் பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து வந்தாலும் ஆயுளுக்கும் ஓட்டுப் போட முடியாது என்ற நிலை 2018 வரை இருந்தது. 1868-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலிருந்து வந்த தடை அது. ஆளுநர் தலைமையிலான கருணைக் குழு மனம் வைத்தால்தான் ஓட்டுரிமை திரும்பக் கிடைத்தது.

டெஸ்மண்ட் மீட் என்பவர் சிறைக்குப் போய் வந்தவர், போதைக்கு அடிமையாகி வீடில்லாமல் திரிந்தவர். 2005-ல் ரயில் தண்டவாளத்துப் பக்கம் நின்று, வரும் ரயிலில் விழுந்துவிடலாம் என்று காத்திருந்திருக்கிறார். அன்று ரயில் வரவில்லை. சிகிச்சைக்குப் போனார், படித்தார், 2014-ல் சட்டப் பட்டம் வாங்கினார். 2016-ல் அவர் மனைவி மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டபோது, சொந்த மனைவிக்கே அவரால் ஓட்டுப் போட முடியவில்லை.

அவர் தலைமையில், சிறையிலிருந்து வந்தவர்களே முன்னின்று, அந்தத் தடையை நீக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு வைக்கச் சொல்லித் தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கினார்கள். தேவைப்பட்டது 7,66,200 கையெழுத்து. அதைத் தாண்டி வாங்கினார்கள். தங்களை 'திரும்பி வந்த குடிமக்கள்' என்றே சொல்லிக்கொண்டார்கள். கட்சி பேசவில்லை. 2018 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 60 சதவீதம் வேண்டியிருந்தது. 64 சதவீதத்துக்கும் மேல் கிடைத்தது, 51 லட்சம் ஓட்டுக்கு மேல். தண்டனையை முடித்தவர்களுக்கு ஓட்டுரிமை திரும்பியது. சுமார் 14 லட்சம் பேர் பயன்பெறுவார்கள் என்று அப்போது மதிப்பிட்டார்கள். கொலை, பாலியல் குற்றங்களுக்கு மட்டும் விலக்கு.

அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம், தண்டனை என்றால் அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் கட்டி முடிப்பதும் சேர்த்துத்தான் என்று சட்டம் போட்டது. யார் எவ்வளவு பாக்கி என்று ஒரே இடத்தில் பார்க்கக்கூட வசதியில்லை. வழக்கு நடந்து, 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. பலர் மறுபடி வெளியே நிற்க நேர்ந்தது. திருத்தம் கொண்டுவரும் வரை அவர்கள் முன்னால் நின்றார்கள். அதை நடைமுறைப்படுத்தும் விதியை எழுதியது வேறு ஆட்கள். எனக்கு அதில் தெரியும் பாடம் அது.

நம் நாட்டில் சிறைக்குப் போனவர் ஓட்டுப் போடலாமா?

வெளியே வந்துவிட்டால் போடலாம். உள்ளே இருக்கும்வரை முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு விசாரணைக் கைதிக்கும் சேர்த்துத் தடை போடுகிறது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் விலக்கு. தீர்ப்பே வராதவருக்கு எதற்கு இந்தத் தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உள்ளே இருக்கும்போதே அவர்களுக்குப் பொறுப்புக் கொடுக்க முடியுமா?

கொடுத்திருக்கிறார்கள். ஜெய்ப்பூர் அருகே சாங்கானேர் திறந்தவெளிச் சிறை 1963-லிருந்து இருக்கிறது. சிறைவாசிகள் குடும்பத்தோடு தங்குகிறார்கள், பகலில் வெளியே வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறார்கள், வருகைப் பதிவுக்குத் திரும்பி வருகிறார்கள். அன்றாட ஒழுங்கைப் பார்த்துக்கொள்வது அவர்களே அமைத்துக்கொண்ட பஞ்சாயத்து. சட்டப் பணிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் தண்டனைக் கைதிகளையே சட்டத் தன்னார்வலர்களாகப் பயிற்றுவிப்பதும் நடக்கிறது. பிரிட்டனில் சிறையிலிருந்து வந்த ஒருவர் 2009-ல் தொடங்கிய 'யூசர் வாய்ஸ்' அமைப்பு, சிறைகளுக்குள் தேர்தல் வைத்துக் கைதிகள் கவுன்சில் நடத்துகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு கைதியைப் பேசவைப்பது வேறு, இன்னொரு கைதியை அதிகாரம் பண்ண வைப்பது வேறு. 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே கைதிகளைச் சிறை அலுவலர்களாக நியமிக்க இடம் கொடுத்தது. அப்படி வந்த கன்விக்ட் வார்டர் முறையில் அடி வாங்கியவர்களைக் கேட்டால், வார்டர் அடியைவிட அது மோசம் என்பார்கள். பஞ்சாயத்து என்ற பெயரில் அது திரும்பி வந்துவிடக் கூடாது. தேர்ந்தெடுப்பது சக கைதிகளாக இருக்க வேண்டும், காலம் முடிந்ததும் இறங்க வேண்டும், தண்டிக்கும் அதிகாரம் துளியும் இருக்கக் கூடாது.

யாரைக் கூப்பிடுவது? ஒருவர் போதாதா?

ஒருவர் போதாது. அறையில் பத்து அதிகாரிகள், எதிரே ஒரே ஒரு ஆள் என்றால் அவர் தலையாட்டிவிட்டுத்தான் போவார். குறைந்தது மூன்று நாலு பேராவது வேண்டும்.

நன்றாகப் பேசுகிறவரை மட்டும் தேடாதீர்கள். அரசியல் வழக்கில் போனவர்கள் உள்ளேயும் மரியாதையோடு இருந்திருப்பார்கள். திருட்டு வழக்கில் போன கூலித் தொழிலாளியின் சிறை வேறு. பெண்களின் சிறை அதைவிட வேறு: ஆறு வயது வரைதான் குழந்தையைக் கூட வைத்திருக்கலாம், அந்தப் பிறந்த நாள் வருவதை நினைத்தே தூக்கம் கெட்ட தாயிடம் கேட்டால்தான் அந்த விதியின் கனம் தெரியும். சீர்மரபினர் வகுப்பில், அதாவது பிரிட்டிஷ் காலத்தில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்களில், பிறந்ததாலேயே ஒவ்வொரு திருட்டுக்கும் முதலில் தூக்கிச் செல்லப்படுகிறவர்கள், திருநங்கைகள், தமிழ் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளிகள், இவர்கள் இல்லாமல் ஆலோசனை முழுமையாகாது.

கூப்பிடும்போது எதைச் செய்யக் கூடாது?

கதை சொல்ல வைத்துக் கைதட்டி அனுப்பாதீர்கள். எனக்கு இதில் தனிக் கோபமே உண்டு. மேடையில் ஏற்றி, எப்படி அடித்தார்கள் என்று சொல்ல வைத்து, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை அனுப்பிவிட்டு வரைவை எழுத உட்காருவார்கள். அவர் இருக்க வேண்டியதே அந்த மதியத்துக்குப் பிறகுதான்.

என்ன வழக்கு என்று கேட்காதீர்கள். புகைப்படம் எடுக்காதீர்கள், எடுத்தாலும் கேட்காமல் போடாதீர்கள். வீட்டு உரிமையாளருக்குத் தெரிந்தால் மறுநாளே வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும். அன்றைக்கு அவர் வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலியையும் பஸ் செலவையும் கையில் கொடுங்கள். மற்றவர்களுக்கு அமர்வுப்படி என்று கொடுக்கிறோமே, அதே தொகையைக் கொடுப்பதுதான் நியாயம். வரைவை ஒரு வாரம் முன்பே தமிழில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று கூட்டம் முடிந்த பிறகு திரும்பிச் சொல்லுங்கள். இதை யாரும் செய்வதில்லை.

இப்போது எங்கே தொடங்கலாம்?

ஒன்றிய உள்துறை 2023-ல் மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டம் ஒன்றைத் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால், அதை அப்படியே எடுப்பதா, மாற்றுவதா என்பது ஒவ்வொரு மாநிலத்தின் முடிவு. விடுப்பில் போகும் சிறைவாசி மின்னணுக் கண்காணிப்புக் கருவி அணிய வேண்டும் என்று நிபந்தனை போட அதில் இடமிருக்கிறது. காலில் கருவியோடு ஒருவர் தங்கை கல்யாணப் பந்தியில் எப்படி உட்காருவார், சித்தாள் வேலைக்குப் போனால் மேஸ்திரி என்ன சொல்வார், கரண்ட் இல்லாத ஊரில் அதை எங்கே சார்ஜ் போடுவார்? இதையெல்லாம் கேட்க வேண்டியது விடுப்பில் போய் வந்தவர்களிடம்தான். மாநில விதி வரைவாக இருக்கும் காலத்திலேயே கேட்க வேண்டும்.

உங்கள் மாவட்டத்தில் என்றால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர்களைச் சேர்க்கும்போது சிறையிலிருந்து வந்தவர்களையும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், கூடப் போய் நில்லுங்கள். கல்லூரியில் சட்டம் படிக்கிறவர்கள் ஒரு தகவல் உரிமை மனு போடலாம்: எங்கள் மாவட்டச் சிறையில் புகார்ப் பெட்டி எத்தனை, கடைசியாக எந்தத் தேதியில் திறக்கப்பட்டது, திறந்தவர் யார், எங்கே மாட்டப்பட்டிருக்கிறது.